ஈஸ்ட் இடாத சாற்றிலும் ஆல்கஹால் காட்டும் நுண்ணுயிர் மின்முனை

முதுகலை மாணவி:
வணக்கம். திராட்சைச் சாறு புளிக்கும்போது உருவாகும் ஆல்கஹாலான எத்தனாலை அளக்க, குளுக்கோனோபாக்டர் ஆக்சிடன்ஸ் என்ற பாக்டீரியாவின் செல்களை, ஆக்சிஜன் அளவை மின்னோட்டமாகக் காட்டும் ஆக்சிஜன் மின்முனையின் நுனியில் பரப்பி, டயாலிசிஸ் படலத்தால் மூடி, ரப்பர் வளையத்தால் இறுக்கியிருக்கிறேன். செல்கள் எத்தனாலை அசிட்டிக் அமிலமாக்கும்போது ஆக்சிஜன் செலவாகி மின்னோட்டம் இறங்குகிறது. ஆனால் ஈஸ்ட் சேர்க்கும் முன் எடுத்த சாற்றிலேயே பெரிய இறக்கம் தெரிகிறது. செல்களை விட்டுத் தூய நொதிக்கு மாறிவிடலாமா?

நொதிப்பிரியன்:
மின்முனையில் பழுது இல்லை. இந்த பாக்டீரியா குளுக்கோஸையும் ஆக்சிஜனேற்றம் செய்யும். அதற்கான டிஹைட்ரஜனேஸ் (ஹைட்ரஜனை நீக்கி ஆக்சிஜனேற்றும்) நொதிகள் செல்சவ்வில் வெளிப்புறம் நோக்கி அமைந்திருப்பதால், சர்க்கரை செல்லுக்குள் நுழைய வேண்டிய தேவைகூட இல்லை. சாற்றை நீர்த்துப் பயனில்லை, எத்தனாலும் குளுக்கோஸும் ஒரே விகிதத்தில்தான் குறையும். செல்களின் மேல் செல்லுலோஸ் அசிடேட் படலம் இட்டுப் பாருங்கள்: மூலக்கூறு எடை 46 உள்ள எத்தனால் எளிதில் புகும், 180 உள்ள குளுக்கோஸ் பெரும்பாலும் வெளியே நிற்கும். தூய நொதியிலும் தொல்லை உண்டு. ஆல்கஹால் ஆக்சிடேஸ் மெத்தனாலுக்கும் பதில் தரும், டிஹைட்ரஜனேஸ் வகைக்கோ பெரும்பாலும் என்ஏடி என்ற துணைநொதியைத் தனியே சேர்க்க வேண்டும். நான் செல்களின் பக்கம்தான்.

பழைய ஆய்வகத்தான்:
25 டிகிரி செல்சியஸில் காற்று நிறைந்த நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம்தான் என்பதால், எத்தனால் சற்றே கூடினாலும் ஆக்சிஜன் போதாமல், எத்தனாலுக்கும் மின்னோட்டத்துக்குமான அளவுக்கோடு வளைந்துவிடும். பஃபரில் (அமிலத்தன்மையை மாறாமல் வைக்கும் கரைசலில்) பொட்டாசியம் ஃபெரிசயனைடு சேர்த்தால் செல்கள் எலக்ட்ரான்களை அதனிடம் ஒப்படைக்கும். மின்னோட்டம் இறங்குவதற்குப் பதிலாக ஏறும். ஆனால் வாயுவை மட்டும் விடும் டெஃப்லான் படலம் மூடிய ஆக்சிஜன் மின்முனை இதற்கு ஆகாது, வெறும் கார்பன் அல்லது தங்க மின்முனை வேண்டும்.

முதுகலை மாணவி:
நன்றி, ஐயா. இப்போதைக்குச் செல்லுலோஸ் அசிடேட் படலம் மட்டும் இட்டேன். ஈஸ்ட் இடாத சாறு தரும் இறக்கம் மிகவும் சுருங்கியது, முற்றிலும் மறையவில்லை. மின்னோட்டம் பழைய நிலைக்குத் திரும்பத்தான் முன்பைவிட நேரமாகிறது. எஞ்சியதை முதல் நாள் சாற்றின் அளவாகக் கொண்டு எல்லா நாட்களுக்கும் கழித்துவிடலாம் என்றிருக்கிறேன்.

நொதிப்பிரியன்:
அப்படிக் கழிக்காதீர்கள். புளிக்கப் புளிக்கக் குளுக்கோஸ் குறைந்துகொண்டே வரும், முதல் நாள் அளவு ஐந்தாம் நாளுக்குப் பொருந்தாது. ஒவ்வொரு நாள் மாதிரியிலும் ஒரு பகுதியைக் கொதிக்கவைத்து ஆல்கஹாலை ஓட்டி, ஆறியபின் நீர் விட்டுப் பழைய கன அளவுக்குக் கொண்டுவந்து, அது தரும் இறக்கத்தைக் கழியுங்கள்.