புதிய மொழியில் முதல் நிரல்: இன்னும் உறுத்துகிற அனுபவம் யாருக்கு இருக்கிறது?

கோடைமேகம்:
பைத்தான் நிறுவிய அன்றே பகடை உருட்டும் நிரல் ஒன்றை எழுதினேன். மூன்றே வரி. பைத்தானோடு வரும் ராண்டம் தொகுதியை இம்போர்ட் செய்து, அதாவது நிரலுக்குள் அழைத்து, அதிலுள்ள ராண்டின்ட்டிடம் 1 முதல் 6 வரை ஓர் எண் கேட்க வேண்டும், அவ்வளவுதான். கோப்புக்கு ராண்டம் டாட் பை என்றே பெயர் வைத்தேன். உங்களுக்கெல்லாம் இப்போதே புரிந்திருக்கும். எனக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. ராண்டத்தில் ராண்டின்ட் என்று எதுவுமே இல்லை என்று பிழைச்செய்தி அடம்பிடித்தது. பைத்தானை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன்; அதே செய்தி. பெயர் ஒன்றே என்பதால், பைத்தானின் தொகுதிக்குப் பதிலாக என் நிரல் தன்னைத் தானே இம்போர்ட் செய்துகொண்டிருந்தது! பிழைச்செய்தியில் என் கோப்பின் பெயர் இரண்டு முறை வந்திருந்தது. அதை அத்தனை முறை படித்தும் கண்ணில் படவில்லையே என்பதுதான் இன்றும் ஆறவில்லை.

ஏழாம்வரி:
எனக்கு ரஸ்ட் மொழி. புதுத் திட்டம் தொடங்கும் கார்கோ நியூ கட்டளையைக் கொடுத்தால், 'ஹலோ வேர்ல்ட்' என்று அச்சிடும் நிரலை அதுவே எழுதி வைத்துவிடுகிறது. ஓட்டினேன், வந்தது. நான் ஓர் எழுத்துகூடத் தட்டவில்லை. அதை என் முதல் நிரல் என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு நானே எழுதினேன். ஒரு ஸ்ட்ரிங்கை இன்னொரு மாறிக்குக் கொடுத்தபின் பழைய மாறியை அச்சிடச் சொன்னேன். வந்தது இ0382 என்ற பிழை. எந்த வரியில் கைமாற்றினேன், எந்த வரியில் திரும்பக் கேட்டேன் என்று இரண்டையும் அடிக்கோடிட்டுக் காட்டியது கம்பைலர், அதாவது நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி. கொடுத்த பொருள் இனி என்னுடையதல்ல என்று ஒரு மொழி சொன்னது அதுதான் முதல் முறை. வெகுநேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேசைவிளக்கு:
ஏழாம்வரி சொல்வதை நான் ஏற்கவில்லை. ஹலோ வேர்ல்டை யார் தட்டினார்கள் என்பதா முக்கியம்? கம்பைலர் சரியாக அமர்ந்திருக்கிறதா, பாதை சரியா, வெளியீடு எங்கே வந்து விழுகிறது என்று சோதிப்பதுதான் அதன் வேலை. 1978இல் கெர்னிகனும் ரிச்சியும் சி மொழி நூலில் அதை முதலில் வைத்ததும் இதற்காகத்தான். அது ஓடிய பிறகு நிரலை வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். ஓர் அரைப்புள்ளியை எடுங்கள். மேற்கோள்குறியை மூடாமல் விடுங்கள். பெயரில் ஓர் எழுத்தை மாற்றுங்கள். ஒவ்வொரு தவறுக்கும் பிழைச்செய்தி எப்படி இருக்கும் என்பதை முதல் நாளே கண்ணுக்குப் பழக்கிவிட்டால், நூறாவது வரியில் அதே செய்தி வரும்போது கலங்க வேண்டியதில்லை. கோடைமேகம், பைத்தான் 3.13 முதல் இந்தப் பெயர்ச் சிக்கலைப் பிழைச்செய்தியே கண்டுபிடித்து, கோப்பின் பெயரை மாற்றிப் பார்க்கச் சொல்கிறது.

என் கதை சிறியது. சி மொழியில் அச்சிடும் பிரின்ட்எஃப், கடைசியில் புதுவரிக் குறி இல்லை. அடுத்த வரியில் நிரல் முறிந்து விழுந்தது. அச்சாக வேண்டியது பஃபரிலேயே, அதாவது திரைக்குப் போகுமுன் காத்திருக்கும் தற்காலிக நினைவகத்திலேயே, போய்விட்டது. அதனால் பிழை பிரின்ட்எஃப்புக்கு முன்பே இருக்கிறது என்று நம்பி, தவறான இடத்தில் ஒரு மாலை முழுவதும் தேடினேன்.

நீலத்தாள்:
கோ மொழியில் என் முதல் நிரல் அச்சிட்டது 'வணக்கம்'. தமிழ் பிசகாமல் திரையில் வந்ததும் ஆசை கூடி, அதன் நீளத்தையும் கேட்டேன். 21 என்றது. எழுத்து ஐந்துதானே! ரூன்களாக, அதாவது யூனிகோட் குறியீடுகளாக, மாற்றி எண்ணினேன், 7 என்றது. பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். க், ம் இரண்டிலும் புள்ளி தனிக் குறியீடு, ஆகவே ஏழு. எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் இவை ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆகவே 21. கணக்கு சரிதான், ஆனால் மனம் ஏற்கவில்லை. பிறகு ஸ்விஃப்ட் கற்றபோது முதல் நிரலாக இதையே எழுதி, எண்ணிக்கை தரும் கவுன்ட்டைக் கேட்டேன். 5 என்று வந்தது. எழுந்து நின்றுவிட்டேன்.

ஏழாம்வரி:
நீலத்தாள், ரஸ்ட்டில் இப்போதே ஓட்டிப் பார்த்தேன். பைட்டுகளை எண்ணும் லென் 21, குறியீடுகளைத் தரும் கேர்ஸை எண்ணினால் 7. ஐந்து வேண்டுமென்றால் யூனிகோட்-செக்மென்டேஷன் கிரேட்டை, அதாவது வெளி நூலகத்தை, சேர்க்க வேண்டும். மேசைவிளக்கு, இந்த நிரலை நானே தட்டினேன்.