கரி அடைத்ததா, ஆப்பு இறங்கியதா? கருமருந்து ரிவால்வர் அனுபவங்கள்

"மூன்று சுற்று சுட்டால் கரி அடைத்துச் சிலிண்டர் நின்றுவிடும், கருமருந்து என்றால் அப்படித்தான்." கருமருந்து எனும் பழைய காலத்து வெடிமருந்தை, குண்டறைகள் கொண்ட சுழல் உருளையான சிலிண்டரில் இட்டுச் சுடுகிறவர்களில் இதைச் சொல்லாத ஆளில்லை. நானும் ஒரு வருடம் அப்படியே நம்பினேன். பாவம், பழியெல்லாம் கரிமேல் போனது.

என்னுடையது 1851 கோல்ட் நேவியின் மறுவடிவம். சிலிண்டரின் அறைகளையெல்லாம் சுட்டு முடிப்பது ஒரு சுற்று. முதல் சுற்று வழுக்கிக்கொண்டு போகும். இரண்டாவதில் சுத்தியலை இழுக்கக் கட்டைவிரல் வலிக்கும். மூன்றாவதில் பாதி வழியில் நின்றுவிடும். குழலை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு, சிலிண்டரைக் கையால் தள்ளித் திருப்ப வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் வெந்நீரில் கழுவித் துடைத்து, திரும்பப் பூட்டும்போது, குழலைக் கழன்றுவிடாமல் பிடித்து நிறுத்தும் குறுக்கு ஆப்பை நன்றாகவே தட்டி இறக்குவேன். இறுக்கமாக இருப்பது நல்லது என்று நினைப்பு.

ஒருநாள் காலி ரிவால்வரை மேசையில் வைத்து, மரச்சுத்தியால் ஆப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தட்டுக்கும் குழலுக்கும் சிலிண்டருக்கும் நடுவிலிருந்த வெளிச்சக் கீற்று மெலிந்துகொண்டே வந்தது. கடைசித் தட்டில் வெளிச்சமே இல்லை, சிலிண்டரும் நகரவில்லை. ஒரு பொட்டுக் கரிகூட இல்லாத ரிவால்வர்!

அப்புறம்தான் அச்சைச் சோதித்தேன், சட்டத்திலிருந்து நீண்டு சிலிண்டரைச் சுழலவிட்டுக் குழலின் துளைக்குள் நுழைவது அதுதான். குழலைக் கழற்றிப் பக்கவாட்டில் திருப்பி, அச்சின்மேல் கடைசிவரை தள்ள வேண்டும். குழலின் கீழ்ப்பகுதி சட்டத்தின் முன்விளிம்பை ஒட்டி நின்றால் அளவு சரி. எனக்கோ விளிம்பைத் தாண்டிப் பின்னால் போய் நின்றது. அச்சு குட்டை. அசல் கோல்ட்டில் அச்சின் நுனி குழலிலுள்ள துளையின் அடியில் போய் முட்டும். அது முட்டாதபோது, தட்டத் தட்ட ஆப்பு குழலைப் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். கீழ்ப்பக்கம் சட்டத்தில் தாங்குவதால் குழலின் முனையும் மேலே தூக்கும். ஆப்பின் ஆழம் மாறினால் குண்டு படும் இடமும் மாறும். போன வாரம் பட்ட இடத்தில் இந்த வாரம் படவில்லையே என்று நான் குழம்பியதற்கும் இதுதான் காரணம்.

எஃகு வாஷர் ஒன்றை அராவி அராவித் துளைக்குள் உட்கார வைத்தேன். பொறுமை வேண்டும், கூடுதலாக அராவிவிட்டால் புது வாஷர்தான். இப்போது ஆப்பை எவ்வளவு தட்டினாலும் இடைவெளி மாறுவதில்லை. ஐந்து சுற்றுவரை கட்டைவிரலுக்கு வேலையே இல்லை.

கரி பொய் என்று சொல்லவில்லை. கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்குமேல் திடக் கசடாகத்தான் மிஞ்சும். அதில் பொட்டாசியம் உப்புகள் அதிகம். ஈரத்தை இழுத்துத் துருவைக் கொண்டுவரும், ஆனால் தண்ணீரில் கரைந்தும் போய்விடும். தேன்மெழுகும் கொழுப்பும் சேர்த்துக் காய்ச்சிய பசையை அச்சில் தாராளமாகப் பூசுங்கள். அச்சைச் சுற்றி வெட்டியிருக்கும் பள்ளங்களே அதைப் பிடித்துவைக்கத்தான்.

*

அண்ணா, என்னிடம் இருப்பது 1858 ரெமிங்டன் மாதிரி. ஆப்பு கிடையாது, மேலே பட்டை வைத்த ஒரே சட்டம். அதனால் உங்கள் தொல்லை எனக்கு இல்லை, கரித் தொல்லை உண்டு. சிலிண்டர் சுற்றும் ஊசி மெலிசு. பசை பிடிக்கப் பள்ளமும் இல்லை. இடைவெளியில் பீறிடும் புகை நேராக அதன்மேல்தான் படிகிறது. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஊசியை உருவி, ஈரத் துணியால் துடைத்துப் பசை பூசிப் போடுகிறேன். அரை நிமிட வேலை.

*

எனக்கு இரண்டுமில்லை, மருந்தைப் பற்றவைக்கும் சின்னச் செப்பு மூடியான கேப்தான். வெடித்த கேப்பின் செப்புத் துணுக்கு சுத்தியல் பள்ளத்துக்குள் விழுந்து உள்ளே சிக்கிக்கொள்ளும். 11ஆம் எண் கேப், அதை மாட்டும் முனையான நிப்பிளுக்குத் தளர்வாக இருந்ததால் விரலால் நசுக்கிப் போட்டுவந்தேன். அது தப்பு, சுடும் அதிர்ச்சியில் பக்கத்து அறையின் கேப் கழன்று விழுந்ததைக் கண்ணால் பார்த்தேன். திறந்த நிப்பிள் வழியாக நெருப்பு புகுந்தால் அந்த அறையும் சேர்ந்து வெடிக்கலாம். அன்றே நிறுத்திவிட்டு, 10ஆம் எண் கேப் கச்சிதமாக உட்காரும் நிப்பிள் செட்டாக மாற்றினேன். துணுக்கு விழுவது அறவே நிற்கவில்லை, ஆனால் சுற்றுக்கு ஒன்று என்றிருந்தது இப்போது எப்போதாவதுதான். குழலை மேலே தூக்கிப் பிடித்துச் சுத்தியலை இழுத்தால் துணுக்கு வெளியே விழுந்துவிடும் என்கிறார்கள் சிலர். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?