மீதிக்கு மறுபக்கம்: எதிர்மீதியா, கடைக்குறையா?

அன்பு நண்பர்களுக்கு,

வகுக்கும்போது மிஞ்சுவது மீதி. கடைசிக் கூறு நிரம்பப் போதாமல் நிற்கும் அளவுக்கு என்ன பெயர்? ‘எதிர்மீதி’ என்று ஒருவர் முன்மொழிந்திருந்தார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

மும்பை மாட்டுங்காவில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் கணக்குச் சொல்லித் தருகிறேன். போன வாரப் புதிர்: கூடையிலுள்ள எலுமிச்சையை இரண்டிரண்டாகக் கூறு கட்டினால் ஒன்று மிஞ்சும், மும்மூன்றாக இரண்டு, நந்நான்காக மூன்று, ஐயைந்தாக நான்கு, ஆறாறாக ஐந்து. குறைந்தது எத்தனை பழம்? மீதிகளை வரிசையாக எழுதிவைத்துக்கொண்டு எல்லோரும் விழித்தார்கள். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும், “மாமா, இன்னும் ஒரு பழம் கிடைத்தால் எல்லாக் கூறும் நிரம்பிவிடுமே” என்றாள். முடிந்தது கணக்கு. ஐந்து எண்களுக்கும் மீச்சிறு பொது மடங்கு 60. ஒன்று போனால் 59.

அவள் கண்ணில் பட்டது கடைசிக் கூறில் இருந்த பள்ளம். ‘எதிர்மீதி’ என்ற சொல்லில் அந்தப் பள்ளம் தெரிவதில்லை. வெறுமனே ‘குறை’ என்றால், சுழியத்துக்குக் கீழான எண்ணைப் பாடநூல் சொல்லும் ‘குறை எண்’ணோடு மோதும். ‘நீலம்’ ஈறு குறைந்து ‘நீல்’ என நிற்பதை இலக்கணம் கடைக்குறை என்கிறது. கூறும் அப்படித்தானே ஈற்றில் குறைந்து நிற்கிறது? என் வாக்கு ‘கடைக்குறை’க்கு.

மறுமொழி:

ஐயா, சொல் அழகுதான். சந்தையில் சொல்லிவிடாதீர்கள், எடையில் கைவைத்ததாகச் சொல்கிறீர்கள் என்று கடைக்காரர் சண்டைக்கு வருவார்! சுன்சி என்ற சீனக் கணித அறிஞரின் பழைய புதிரையும் பாருங்கள்: 3, 5, 7 ஆல் வகுத்தால் மீதி 2, 3, 2. கடைக்குறைகளோ 1, 2, 5, ஒன்றோடொன்று ஒட்டவில்லை. 3க்கும் 7க்கும் மீதி இரண்டு என்பதைப் பிடித்தால் 21உடன் 2 சேர்ந்து 23. ஐந்தால் வகுத்தாலும் மீதி மூன்றே. இங்கே மீதிதான் கைகொடுக்கிறது.

மறுமொழி:

மீதியைத் தள்ளச் சொல்லவில்லை, அம்மா. எது ஒத்துவருகிறதோ அதைப் பிடிக்க இரண்டுக்கும் பெயர் வேண்டும் என்கிறேன். இவ்வகைக் கணக்குக்கு ஆரியபட்டர் 499இல் தந்த முறைக்கே ‘குட்டகம்’, அதாவது பொடியாக்குவது, என்ற பெயர் நிலைத்தது. உரலடியிலிருந்து வந்த சொல். நம்முடையது கூறு கட்டும் இடத்திலிருந்து வரட்டும். வரையறையில் மட்டும் கவனம் தேவை: மீதியும் கடைக்குறையும் சேர்ந்தால் வகுத்தி, ஆனால் மீதி 0 என்றால் கடைக்குறையும் 0. இல்லையேல் 35 பழத்தை ஏழேழாகக் கட்டி முடித்தவரிடம் இன்னும் ஏழு பழம் கேட்போம்.