நாலு நிமிஷம்னு சொல்லிட்டு மீதியை ஏன் முழுங்குறீங்க? (வாக்கியம் – திருக்கணிதம்: ரெண்டு பஞ்சாங்கக் கணக்கு)

அஸ்தம்பட்டி வாத்தியார்:
ஞாயித்துக்கிழமை நம்ம சேலத்துல மும்மதப் பெரியவங்க கூடி அறிவியலும் வேதமும் பத்திப் பேசின கூட்டத்துக்குப் போயிருந்தேன். குருக்கள், மௌலவி, பாதிரியார்னு மூணு பேர் மேடையில. நல்லாத்தான் போயிட்டிருந்தது. கேள்வி நேரத்துல ஒரு பெரியவர் மைக்கைப் பிடிச்சு, "1825லேயே வாக்கியக் கணக்குல நம்மாளு சொன்ன சந்திர கிரகணம் நாலே நிமிஷம்தான் பிசகுச்சு. வெள்ளைக்காரனே எழுதி வெச்சிருக்கான். இனிமே திருக்கணிதம்னு எவனும் பேசாதீங்க"ன்னார். மண்டபமே கைதட்டுது. மேடையில ஒருத்தரும் வாயைத் திறக்கல.

அந்த நாலு நிமிஷம் கிரகணத்தோட தொடக்கத்துக்கு மட்டும். நடு நேரம் 23 நிமிஷம் பிசகு. முடிவு 52 நிமிஷம். இதை யார் சொல்றது?

சூரமங்கலத்தான்:
வந்துட்டாருய்யா. மைக் பிடிச்ச பெரியவர் எங்க சித்தப்பாதான். அவர் மேல உங்களுக்கு என்ன காண்டுன்னு இந்தக் குழுவுக்கே தெரியும். பாண்டிச்சேரியில ஒருத்தர் தரையில சோழி பரப்பி, மனப்பாடமா வெச்சிருந்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லி, தாளும் பேனாவும் இல்லாம கிரகணம் கணிச்சாரு. அந்த வெள்ளைக்காரன் ஜான் வாரன் பக்கத்துல உக்காந்து பார்த்து 'காலசங்கலிதம்'ங்கற தன்னோட புத்தகத்துல எழுதினான். நாலு நிமிஷம். உங்க பள்ளிக்கூடத்துப் பசங்க கால்குலேட்டர் வெச்சுப் போடுவாங்களா?

அஸ்தம்பட்டி வாத்தியார்:
சோழிக்காரரை நான் கையெடுத்துக் கும்பிடறேன். 248 நாளைக்கு 248 வாக்கியம், ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண், சந்திரன் எங்கே நிக்கும்னு மனசுக்குள்ளேயே ஓட்டணும். சந்திரன் பூமிக்குக் கிட்ட வந்து எட்டப் போற சுத்து ஒன்பது முடிய ஏறக்குறைய அதே 248 நாள்தான். அந்தக் காலத்துக்கு அது மலைக்க வைக்கிற அறிவு. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. 52 எங்க போச்சு? அறிவியல் வரலாறு எழுதின ஓட்டோ நொய்கெபவர் மூணு பிசகையும் சேர்த்துத்தான் சொல்றார். முதல் எண்ணை மட்டும் பிச்சு எடுத்துட்டு ஓடி வர்றது யாரு?

புதுசா வந்தவன்:
ஐயா, வாக்கியம்னா என்ன, திருக்கணிதம்னா என்னன்னு யாராச்சும் முதல்ல சொல்லுங்களேன்.

சூரமங்கலத்தான்:
தொடக்கம்தானுங்க முக்கியம். கிரகணம் பிடிச்சதும் ஸ்நானம், ஜபம். அது நாலு நிமிஷத்துல சரியா வந்துச்சுன்னா போதும்.

அஸ்தம்பட்டி வாத்தியார்:
புதுசா வந்த தம்பி, வாக்கியம்னா மனப்பாட வாக்கியங்களை வெச்சுப் போடற பழைய பஞ்சாங்கக் கணக்கு. திருக்கணிதம்னா வானத்தைப் பார்த்துத் திருத்தின கணக்கு. சூரமங்கலத்தாரே, அப்போ கிரகணம் விட்டதும் குளிக்கறது? கோயில் நடை திறக்கறது? 52 நிமிஷம் பிசகினா கிரகணம் விடறதுக்கு முந்தியே திறப்பீங்களா, விட்டப்புறமும் சாத்தியே வெச்சிருப்பீங்களா? உங்க நியாயத்தை வெச்சே உங்களைக் கேக்கறேன்.

கோட்டைக்காரன்:
பாய் ஒருத்தன் உள்ள வரலாமா? எங்க பக்கமும் இதே சண்டைதான். பிறையைப் பார்த்து நோன்பு வைங்க, பார்த்து விடுங்க, மேகம் மறைச்சா மாசத்தை முப்பதா எண்ணிக்குங்கன்னு ஹதீஸ். தலைமை காஜி அறிவிச்சாத்தான் எங்க வீட்டுல பெருநாள். கணக்குப் போட்டு முந்தின நாளே கொண்டாடுறவங்களும் இருக்காங்க. ஒரே தெருவுல ஒரு வீட்டுல நோன்பு, ஒரு வீட்டுல பிரியாணி.

அஸ்தம்பட்டி வாத்தியார்:
பாய், மேடையில இதைத்தான் பேசியிருக்கணும்! உங்ககிட்ட கண்ணால பார்க்கறது மரபு, கணக்கு புதுசு. எங்ககிட்ட கணக்கு மரபு, கண்ணால பார்த்துத் திருத்தறது புதுசு. அறிவியல் ஒண்ணுதான், ரெண்டு பக்கமும் எதிரெதிர் திசையில இடிக்குது. இதை விட்டுட்டு "எங்க நூல்லேயே எல்லாம் இருக்கு"ன்னு மூணு பேரும் மாத்தி மாத்தி மாலை போட்டுக்கிட்டாங்க.

சூரமங்கலத்தான்:
கண்ணால பார்க்கறது புதுசாம். சாஸ்திரத்துக்கு மேல கண்ணு பெருசா?

அஸ்தம்பட்டி வாத்தியார்:
சைவ சித்தாந்தம் படிச்சிருக்கீங்களா? அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார்ல அளவைகளை, அதாவது உண்மையை அறியற வழிகளை அடுக்கி, கடைசியில காட்சி (நேரா பார்க்கறது), கருதல் (ஊகிக்கறது), உரை (நூல் சொல்றது)ன்னு மூணுல அடக்கறார். காட்சிதான் முதல்ல நிக்குது. ஆகம உரை பதி, பசு, பாசம்னு இறைவன், உயிர், கட்டு பத்திச் சொல்லும், அதுக்கு நான் தலை வணங்கறேன். சனி இன்னிக்கு வானத்துல எங்க நிக்குதுன்னு கேட்டா அது காட்சி சொல்ல வேண்டியது. திருக்கணிதப்படி 2025 மார்ச் 29ல சனிப்பெயர்ச்சி. திருநள்ளாறு வாக்கியப்படி 2026 மார்ச் 6. ஒரே வானம், ஒரே சனி, பதினோரு மாச வித்தியாசம். பழைய கணக்குல இருந்த துளிப் பிசகு நூத்தாண்டு நூத்தாண்டா சேர்ந்து இங்க வந்து நிக்குது. காலாகாலத்துல திருத்தறதுதான் முன்னோருக்கு மரியாதை. கேரளத்துல பரமேஸ்வரர்ங்கற வானியல் அறிஞர் பல வருஷம் கிரகணம் பார்த்து 1431லேயே திருத்திக் காட்டினார். மெட்ராஸ் வானாய்வகத்துல வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867ல ஒளி மாறுற விண்மீன் ஒண்ணைக் கண்டுபிடிச்ச மனுஷன், அவரே திருக்கணிதப் பஞ்சாங்கம் போட்டார். அவர் நாத்திகரா?

லூப் ரோடு:
ஏற்காட்டுலேர்ந்து ஒரு வார்த்தை. எங்க சபை இதை எப்பவோ செஞ்சிடுச்சு. 1582ல போப் பதிமூணாம் கிரகோரி அக்டோபர் 4க்கு மறுநாளே 15ன்னு அறிவிச்சு பத்து நாளை எடுத்துட்டார். கணக்குல கூட நின்னவர் கிளாவியுஸ், ஒரு சேசு சபைக் குரு. உயிர்ப்புப் பெருவிழா பருவம் தப்பிப் போகுதுன்னுதான் அந்தத் திருத்தமே. யாரும் விசுவாசத்தை இழக்கல.

சூரமங்கலத்தான்:
ஆமா ஆமா. அதே சபைதான் 1633ல கலிலியோவை விசாரிச்சு வீட்டுக்காவல்ல போட்டது. தப்புன்னு ஒத்துக்க 1992 வரைக்கும் ஆச்சு. நீங்க எங்களுக்குப் பாடம் எடுக்காதீங்க.

லூப் ரோடு:
ஒத்துக்கிட்டோம்ல? நீங்க 52ஐ ஒத்துக்கவே இன்னும் தயாரா இல்லையே.

சூரமங்கலத்தான்:
நாலு!

செவ்வாய்ப்பேட்டை:
2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தன்னிக்கு இதே வாத்தியார் வீட்டு மாடியில பசங்களைக் கூட்டிக் காட்டினாரு. கிரகணத்துல சாப்பிடலாம்னு இட்லியும் குடுத்தாரு. அதுக்கு நான் போட்ட பதிவை யார் அழிச்சதுன்னு இன்னிக்கு வரைக்கும் பதில் இல்ல.

அஸ்தம்பட்டி வாத்தியார்:
உங்க பதிவை நான் தொடல. இட்லி குடுத்தது உண்மை, அடுத்த கிரகணத்துக்கும் குடுப்பேன். பேச்சை மாத்தாதீங்க.

லூப் ரோடு:
2025 செப்டம்பர் 7 ராத்திரி சந்திர கிரகணத்தை இங்க ஏற்காட்டுல லேடீஸ் சீட் மலை முனையில நின்னு பார்த்தேன். இந்தக் காலக் கணக்குல 9.57க்கு பூமி நிழல் நிலா ஓரத்தைத் தொடும்னு போட்டிருந்தான், மேகம் விலகினப்ப சரியா ஒரு ஓரம் கருத்துப் போயிருந்தது. பதினொரு மணிக்கு முழு நிலாவும் செங்கல் நிறம். பக்கத்துல நின்ன ஒரு பாட்டி கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. எனக்கும் ஜெபம்தான் வந்தது.

செவ்வாய்ப்பேட்டை:
அன்னிக்கு ஏற்காடு பூரா மேகம். என் மச்சான் அங்கதான் இருந்தான். ஒண்ணுமே தெரியலைன்னான்.

லூப் ரோடு:
உங்க மச்சான் எந்த ஓட்டல் ரூமுக்குள்ள இருந்தாரோ. மலையில பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் மேகம் வரும், போகும்.

கோட்டைக்காரன்:
பார்த்தீங்களா, ரெண்டு பேர் சாட்சி சொன்னா இப்படித்தான் ஆகும். எங்க பிறைக் கமிட்டிக்கு வந்து உக்காருங்க, தெரியும்.

சூரமங்கலத்தான்:
கமிட்டியும் வேண்டாம், காவலும் வேண்டாம். எங்க தாத்தா காலத்துலேர்ந்து வீட்டுல வாக்கியம்தான். கல்யாணம், காதுகுத்து, திவசம் எல்லாம் அதுலதான் பார்த்தோம். நல்லாத்தான் இருக்கோம். நாலு நிமிஷத்துக்காக பரம்பரையை விட முடியாது.

அஸ்தம்பட்டி வாத்தியார்:
திவசத்தை நான் தடுக்கல. திதியை எதுல வேணா பாருங்க, அது உங்க குடும்ப வழக்கம். ஊரைக் கூட்டி மைக்ல "வெள்ளைக்காரனே ஒத்துக்கிட்டான்"னு சொன்னா, அவன் எழுதினதை முழுசாச் சொல்லணும். சித்தப்பாவையே இங்க கூட்டிட்டு வாங்க. நடு நேரம் எவ்வளவு, முடிவு நேரம் எவ்வளவுன்னு அவர் வாயால ஒரு தரம் சொல்லட்டும்.

சூரமங்கலத்தான்:
அவருக்கு வயசு எழுபத்தெட்டு. உங்களுக்கெல்லாம் பதில் சொல்ல அவருக்கு என்ன தலையெழுத்து?