கண்டென்சரை நானே கழற்றி மாற்றலாமா?

கேள்வி:
வணக்கம். என் காரின் ஏசி சில வாரங்களாகவே குளிர்ச்சி குறைந்துகொண்டு வந்து, இப்போது வெறும் காற்றைத்தான் தருகிறது. முன் கிரில்லைக் கழற்றிப் பார்த்தபோது, ஏசி கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரின் கீழ் மூலையில் கல்லடி பட்டு நசுங்கிய இடத்தைச் சுற்றி, உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கும் அதன் மேல் அப்பிய புழுதியும் தெரிந்தன. பம்பரைக் கழற்றி மாட்டிய பழக்கம் எனக்கு உண்டு. கண்டென்சரை நானே மாற்றிவிட்டு, கேஸ் நிரப்ப மட்டும் பட்டறைக்குப் போகலாமா?

மறுமொழி 1:
போகலாம், ஆனால் ஒருமுறை அல்ல, இரண்டு முறை போக வேண்டியிருக்கும். ஏசி குளிரவில்லை என்பதால் கேஸ் முழுவதும் போய்விட்டது என்று எண்ணிவிடாதீர்கள்; அழுத்தம் ஓரளவு குறைந்தாலே பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்திவிடும், குழாய்க்குள் கேஸ் மிச்சம் இருக்கும். பல கார் ஏசிகளில் இருக்கும் ஆர்134ஏ கேஸ் மைனஸ் 26 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகி, பட்ட இடத்தைக் கடுமையாகக் குளிரவைப்பது. நட்டைத் தளர்த்தும்போது அது கையிலோ கண்ணிலோ பீறிட்டால் உறைபுண் ஆகிவிடும். ஆகவே மிச்சத்தை இயந்திரத்தால் உறிஞ்சி எடுக்கச் சொல்லிவிட்டு, அதன் பிறகு கழற்றுங்கள்.

குழாய் இணைப்பு திருகு நட்டாக இருந்தால், ஒரு ஸ்பேனரால் கண்டென்சர் பக்கத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் நட்டைத் திருப்புங்கள். ஒரே ஸ்பேனரால் முறுக்கினால் அலுமினியக் குழாய் துணி பிழிந்ததைப் போல முறுக்கிக்கொள்ளும். ஒரு குழாயை அப்படிக் கெடுத்த பிறகே நானும் கற்றுக்கொண்டேன்.

மறுமொழி 2:
கழற்றுவதைவிட ஈரத்தைத் தடுப்பதுதான் பெரிய வேலை. கம்ப்ரசர் தேயாமல் காக்கும் பிஏஜி வகை எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை வேகமாக உறிஞ்சும். எனவே கழற்றிய உடனே குழாய் முனைகளை மூடிவிடுங்கள். புதிய கண்டென்சரின் மூடிகளை மாட்டும் நொடி வரை எடுக்காதீர்கள். ஈரத்தை ஈர்க்கும் டிரையரையும் சேர்த்தே மாற்றுங்கள். பல கார்களில் அது கண்டென்சரின் பக்கவாட்டில் உருளையாக ஒட்டியே வரும்; புதியதில் அது இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளையும் புதிதாகப் போட்டு, ஏசி எண்ணெய் தடவி மாட்டுங்கள். பழைய கண்டென்சரோடு வெளியேறிய எண்ணெய்க்கு ஈடாக, காரின் கையேடு சொல்லும் வகையையும் அளவையும் ஊற்றுங்கள். கூடினால் குளிர்ச்சி குறையும், குறைந்தால் கம்ப்ரசர் தேயும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஓட்டையை மட்டும் பற்றவைத்தால் போதாதா? கேஸ் நிரப்புமிடத்தில் நான் எதைக் கவனிக்க வேண்டும்?

மறுமொழி 2:
இக்காலக் கண்டென்சர்களின் குழாய்கள் தட்டையானவை, அவற்றுக்குள் நுண்ணிய வழிகள் ஓடுகின்றன. பற்றவைத்தால் அவை அடைபடக்கூடும் என்பதால் நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.

பட்டறையில், குழாய்க்குள் உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் வாக்குவம் பம்பை அரை மணி நேரமாவது இயக்கச் சொல்லுங்கள். பம்பை நிறுத்திய பிறகு, கேஜ் முள் சில நிமிடங்கள் நகராமல் நிற்கிறதா என்று நீங்களே பாருங்கள். முள் ஏறினால் எங்கோ கசிகிறது அல்லது உள்ளே ஈரம் இருக்கிறது, அந்நிலையில் நிரப்ப விடாதீர்கள். கேஸை அழுத்தம் பார்த்து உத்தேசமாக நிரப்பாமல், பானெட்டுக்கு உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள கிராம் கணக்கின்படி எடை போட்டு நிரப்பச் சொல்லுங்கள். கண்டென்சரின் ஓரத்தில் இருந்த ஸ்பாஞ்சுப் பட்டைகளையும் மறக்காமல் திரும்ப வையுங்கள்; அவை இல்லாவிட்டால் காற்று கண்டென்சருக்குள் புகாமல் ஓரத்தால் நழுவிவிடும், வண்டி நிற்கும்போது குளிர்ச்சி மங்கும்.