மிக்ஸர் மேசை விளக்குகள் மங்கலாக எரிகின்றன

கேள்வி: மும்பை மாட்டுங்காவில் இயங்கும் எங்கள் தமிழ் நாடகக் குழுவின் ஒலிக்கலவை மிக்ஸரில் செருகியுள்ள, கழுத்தை வளைக்கக்கூடிய 12 வோல்ட் கூஸ்நெக் விளக்குகள் இரண்டும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரை முழுதாகத் திருப்பினாலும், ஒலி அளவை மாற்ற மேலும் கீழும் நகர்த்தும் ஃபேடருக்கு அடியில் ஒட்டிய பெயர்களைப் படிக்க முடியாத அளவுக்கு மங்கிவிட்டன. பல்பை மாற்றியும் பயனில்லை. எங்கே பார்க்கலாம்?

மறுமொழி: இரண்டும் ஒருசேர மங்கியதால், பொதுவான டிம்மரையோ மின்வழங்கியையோதான் முதலில் சந்தேகிப்பேன். விளக்கு எரியும்போதே மல்டிமீட்டரால் வோல்ட்டை அளந்து பாருங்கள். சுமையில்லாமல் 12 காட்டிவிட்டு, விளக்கைச் செருகியதும் 8க்கு இறங்கினால், வழியில் எங்கோ மின்தடை கூடியிருக்கிறது. இழை பல்பில் வோல்ட் சற்றுக் குறைந்தாலே வெளிச்சம் பெரிதும் விழுந்துவிடும்.

மறுமொழி: இங்குள்ள கடற்காற்றில் செருகியின் பின்கள் எளிதில் களிம்பேறும். மிக்ஸரின் மின் இணைப்பைத் துண்டித்த பிறகு, மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் கான்டாக்ட் கிளீனரைப் பின்களிலும் டிம்மரிலும் தெளித்து, குமிழைப் பலமுறை சுழற்றுங்கள்.

கேட்டவர்: சுமையில் 7.4 இருந்தது, டிம்மரைச் சுத்தம் செய்ததும் 11.6 வருகிறது. இருவருக்கும் மிக்க நன்றி.