எலும்பு அடர்த்தி குறைந்த அம்மாவுக்கு பிலாட்டீஸ்: கோவையில் நல்ல பயிற்சியாளர் தெரியுமா?

வணக்கம் தோழிகளே. அம்மாவுக்கு 71 வயது. சாயிபாபா காலனியில் தனியாக இருக்கிறார், அப்படி இருக்கத்தான் அவருக்குப் பிடிக்கும். தினமும் நடக்கிறார். ஆனால் தரையில் உட்கார்ந்தால் கட்டில் காலைப் பிடிக்காமல் எழ முடியவில்லை. சேலையைத் தூக்கிப் பிடித்துக் குளியலறைப் படி தாண்டும்போது மறு கை சுவரைத் தேடுகிறது.

கேட்டால், "அதான் வாக்கிங் போறேனே" என்பார். 65 வயதுக்கு மேல் வாரம் 3 நாளாவது சமநிலைக்கும் வலுவுக்கும் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இப்போதைக்கு சமையல் மேடையைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துகிறார், நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுகிறார். அதுவும் சீரியல் விளம்பர இடைவேளையில் மட்டும்!

வயிறு, முதுகுத் தசைகளை வலுவாக்கும் உடற்பயிற்சி முறையான பிலாட்டீஸில் சேர்க்கலாமா என்று யோசனை. ஆனால் எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் முதுகை வளைத்து முன்னால் சுருளும் அசைவுகளைச் செய்தால் முதுகெலும்பு நொறுங்கும் ஆபத்து உண்டு. நான் போய்ப் பார்த்த வகுப்பில் எல்லாருக்கும் ஒரே பயிற்சிதான். எலும்பைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதையெல்லாம் விசாரித்துவிட்டுச் சொல்லித்தரும் பிசியோதெரபிஸ்ட் யாராவது தெரியுமா? பெண்ணாக இருந்தால் நல்லது, வீட்டுக்கு வந்தாலும் சரி. அப்புறம், உங்கள் அம்மாவோ மாமியாரோ எடைப் பயிற்சி செய்கிறார்களா? எத்தனை கிலோவில் ஆரம்பித்தார்கள்? கட்டணம் எவ்வளவு?

யூடியூப் லிங்க் மட்டும் வேண்டாம். ஃபோனைப் பார்த்துக்கொண்டே ஒற்றைக்காலில் நிற்பார், அது இன்னும் பயம்.